பால்வாடியா, நர்சரியா?

எங்கள் தெருவின் ஒரு கோடியில் அங்கன்வாடி, மறுகோடியில் ஆங்கிலவழி நர்சரிப் பள்ளி. மகளுக்கு மூன்று வயது நிறைந்ததும் இரண்டிலும் தலா ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

பார்த்தவுடன் மனத்தைக் கவர்வது நர்சரிதான். வண்ண நாற்காலிகள், சுத்தமான கழிப்பறை, மணியடித்தாற்போல் தொடங்கும் வகுப்பு. சுவரில் வரிசையாகப் படங்கள். ஆனால் அவை என் கண் உயரத்தில் மாட்டியிருந்தன. கட்டணம் கட்டுகிறவரின் உயரம் அதுதானே! பிள்ளைகள் நான்கு வரி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். மூன்று வயதில் மணிக்கட்டு எலும்புகள் பெரும்பாலும் குருத்தெலும்பாகவே இருக்கும். களிமண் பிசைந்து, காகிதம் கிழித்து, மணி கோத்துப் பழக வேண்டிய விரல்கள் அவை. ஒரு பையன் பென்சிலைக் கரண்டிபோல் முழுக்கையால் பிடித்திருந்தான். "மிஸ், தண்ணீர்" என்றான். ஆங்கிலத்தில் கேட்கச் சொன்னார்கள். அதன்பிறகு அவன் வாய் திறக்கவில்லை. தாகம் தீர்ந்துவிட்டதா, பேச்சு தீர்ந்துவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

அங்கன்வாடியில் தரையில் பாய். குழாயில் தண்ணீர் வரவில்லை. இதை மறைத்துப் பயனில்லை. டீச்சர் ஒரு சொளகு புளியங்கொட்டையைக் கொட்டி, "எந்தக் கூறில் அதிகம்?" என்று கேட்டார். ஒரு சிறுமி உயரமான குவியலைக் காட்டினாள். பக்கத்தில் இருந்தவன் ஒப்புக்கொள்ளாமல் ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினான், ஏழுக்குப் பிறகு ஒன்பது. அவளும் விடவில்லை. எண்ணும் பேச்சும் ஒரே மூச்சில் வளர்ந்த அந்த இருபது நிமிடங்களுக்கு இணையாக மறுகோடியில் நான் எதையும் பார்க்கவில்லை.

இருபது நிமிடம்தான். சத்துமாவு வாங்க ஒரு கர்ப்பிணி வந்தார். பிறகு கைப்பேசிச் செயலியில் பதிவு, பதிவேடு, எடைக்கருவி. ஆயா சமையலறையில். பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் ஊட்டச்சத்து, தடுப்பூசி, முன்பருவக் கல்வி என ஆறு சேவைகளை இந்த இருவர் தலையில்தான் வைத்திருக்கிறது. வாரத்துக்கு மூன்று முட்டை தட்டுக்கு வந்துவிடுகிறது. பாடம்தான் அடுத்த வேலைக்கு வழிவிட்டு விலகிக்கொள்கிறது.

இந்த ஓட்டையை அடைத்தால் என்ன ஆகும் என்று தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பொருளியல் அறிஞர்கள் கானிமியன், கார்த்திக் முரளிதரன், வால்டர்ஸ் மூவரும் 320 அங்கன்வாடிகளை எடுத்து, பாதி மையங்களுக்கு மட்டும் முன்பருவக் கல்விக்கென அரைநேரப் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகத் தந்தார்கள். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. பதினெட்டு மாதங்களில் கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். வயதுக்கேற்ற உயரம் இல்லாத வளர்ச்சிக் குறைபாடும் குறைந்தது. புதுக் கட்டடமோ வண்ண நாற்காலியோ இதற்குத் தேவைப்படவில்லை.

தமிழக அரசு 2019இல் 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது. பெற்றோர் கேட்பது அந்த எழுத்துகளைத்தான் என்பது அரசுக்கும் தெரியும். எழுத்து மாறியதோடு நான்கு வரி நோட்டும் கூடவே வந்தால் நர்சரியின் குறையைக் காசு கொடுக்காமல் வாங்கியதாகிவிடும்.

நர்சரிக் கட்டணத்தை என்னால் கட்ட முடியும். இருந்தும் மகளை அங்கன்வாடியில் சேர்த்தேன். தண்ணீரைப் பாட்டிலில் கொடுத்தனுப்புகிறேன். சும்மா போகும் நேரம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. எடை பார்க்கும் நாட்களில் நான் வந்து பிள்ளைகளுக்குக் கதை சொல்லட்டுமா என்று டீச்சரிடம் கேட்டேன்.

"கதை வேண்டாம் சார். நீங்கள் எடையைக் குறித்துக் கொடுங்கள், கதையை நான் சொல்லிக்கொள்கிறேன்" என்றார்.