பிரபஞ்சன் பெயரில் ஒரு புதுச்சேரி நடை: 500 ரூபாய்க்குத் தகுமா?

கடலூர் முதுநகர்க்காரர்களுக்குப் புதுச்சேரி என்றால் ஜவுளிக்கும் ஜிப்மருக்கும் போகிற ஊர். 'நாவலில் வரும் இடங்களை நடந்தே பார்க்கலாம், தலைக்கு 500' என்று ஒரு சின்னக் குழு விளம்பரம் போட்டிருந்தது. நாவல் 'வானம் வசப்படும்' என்றதும் நாத்தனாரையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். பிரபஞ்சனுக்கு 1995-இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கித் தந்த புத்தகம் அது. பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை ஆதாரமாக வைத்து, துய்ப்ளெக்ஸ் பிரெஞ்சு கவர்னராக இருந்த காலத்துப் புதுச்சேரியை எழுதியிருப்பார்.

நடையின் முதல் பாதி எனக்குப் பிடிக்கவில்லை. துய்ப்ளெக்ஸ் சிலையடியில் கூடி, கடற்கரையை ஒட்டிய வீதிகளில் மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி என்று பார்த்துக்கொண்டே போனோம். கூட்டிப்போன தம்பி வாசலுக்கு வாசல், "அந்தக் காலத்துல இப்படித்தாம்மா இருந்திருக்கும்" என்றார். எப்படி இருந்திருக்கும்? 1761-இல் ஊரைப் பிடித்த ஆங்கிலேயர் கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் தரைமட்டமாக்கினார்கள். இன்று நாம் படம் பிடிக்கும் வீடுகள் அதற்குப் பிறகு எழும்பியவை. அந்தச் சிலையே 1870-இல் வைத்ததுதான். நாவலில் அத்தனை பேச்சு நடக்கிற கோட்டை இன்றைய பாரதி பூங்காப் பக்கம் இருந்தது. அங்கே நிற்கக்கூட விடாமல் நகர்த்திவிட்டார்கள். கூட வந்த பெங்களூர்ப் பிள்ளைகளுக்கு செல்ஃபி எடுக்க வேண்டுமே!

வெள்ளையர் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரிக்கும் பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்ததும் அதே தம்பி வேறு ஆளாகிவிட்டார். முத்தியால்பேட்டையில் பிறந்தவராம், இந்தப் பக்கம் அவருக்கு மனப்பாடம். சம்பா கோயில் முன்னால் எங்களை நிழலில் நிறுத்தினார். பழைய வேதபுரீஸ்வரர் கோயில் இந்தத் தேவாலயத்தை ஒட்டித்தான் இருந்தது. 1748 செப்டம்பரில், வெளியே ஆங்கிலேயர் முற்றுகை, உள்ளே பிரெஞ்சுக்காரர்களின் கோயில் இடிப்பு. பிள்ளை அதைத் தம் நாட்குறிப்பில் விவரமாகவே எழுதியிருக்கிறார். தம்பி பையிலிருந்து ஜெராக்ஸ் தாளை எடுத்து அந்தப் பகுதியை வாசித்துக் காட்டினார். "பிள்ளைவாள் பெரிய உத்தியோகத்துல இருந்தவராச்சே, தடுக்க முடியலியா அண்ணி?" என்று நாத்தனார் என் காதில் கேட்க, அது தம்பி காதிலும் விழுந்து, துபாஷுக்கு எதெல்லாம் முடியும், எதெல்லாம் முடியாது, கவர்னரின் மனைவி கை எதுவரை நீளும் என்று கால்மணி நேரம் பேசினார். பள்ளிக்கூடத்தில் இப்படி ஒருவர் சரித்திரம் எடுத்திருந்தால் நானும் நல்ல மார்க் வாங்கியிருப்பேன்.

அடுத்தது பெரிய மார்க்கெட்டை ஒட்டிய பிள்ளையின் மாளிகை. 1738-இல் கட்டியது. கீழே மரத்தூண் வைத்த தமிழ் வீடு, மேலே பிரெஞ்சுக்காரர் பாணியில் வெள்ளைத் தூண்கள். ஊரில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய வீடுகளில் ஒன்று. விளம்பரத்தில் இதன் படத்தைத்தான் பெரிதாகப் போட்டிருந்தார்கள். ஆனால் முன்அனுமதி வாங்கவில்லை என்று வெளியிலிருந்தே காட்டி முடித்துவிட்டார்கள். காசு வாங்குகிறவர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை அதுவல்லவா? பிள்ளை 1761 ஜனவரியில், ஊர் பறிபோன அதே மாதத்தில் இறந்தார் என்று அந்த வாசலில் வைத்துச் சொன்னது மட்டும் நெஞ்சில் தங்கியது.

இன்னொரு குறை. பிரபஞ்சன் பெயரை விற்கிறார்கள், பிரபஞ்சனைக் காணோம். சாரங்கபாணி வைத்தியலிங்கம் என்ற இயற்பெயரோடு அவர் 1945-இல் இதே ஊரில் பிறந்தது, அப்பா கள்ளுக்கடை வைத்திருந்தது, தஞ்சாவூர் கரந்தையில் தமிழ் படித்தது, 2018-இல் இங்கேயே அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது என்று எதைப் பற்றியும் ஒரு வரி இல்லை.

முடிவுரையாக அவர்கள் கூட்டிப்போன கஃபேயில் காப்பி விலையைப் பார்த்துவிட்டு நாங்கள் மார்க்கெட் பக்கத்து மெஸ்ஸில் பொங்கல் சாப்பிட்டோம். அது தேவலை.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம், மூன்றுமே வாய்க்காலுக்கு மேற்கே கிடைத்தவை. போவதாக இருந்தால் மாளிகைக்குள் அனுமதி உண்டா என்று போனிலேயே கேட்டு உறுதிப்படுத்துங்கள். மார்க்கெட் ஓரம் மீன் தண்ணீர் ஓடும், வழுக்காத செருப்பு நல்லது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். காந்தி வீதி முழுக்க சண்டே மார்க்கெட் கடை விரித்திருக்கும், அந்தத் தம்பி பேசுவது ஒன்றும் காதில் விழாது.