பெயர் தெரிந்தவர்க்கே திறக்கும் ஆவணக்காப்பகங்கள்

ஆய்வகங்களில் பெயர் வெளியே தெரியாமல் உழைத்த உதவியாளர்களைப் பற்றி எழுதத் தொடங்கியிருக்கும் நண்பர் ஒருவர், அறிவியல், மருத்துவ வரலாற்று ஆளுமைகளுக்கான இணைய ஆவணக்காப்பகங்களில் எதிலிருந்து தேடத் தொடங்கலாம் என்று அண்மையில் கேட்டிருந்தார். எதிலிருந்தும் தொடங்க வேண்டாம் என்று பதில் எழுதினேன். அது கோபத்தில் எழுதிய பதில்தான். ஆனாலும் அதைத் திரும்பப் பெறும் எண்ணம் எனக்கு இல்லை. பல ஆண்டுகளாக இந்தத் தளங்களிலேயே மாலைப் பொழுதுகளைக் கழித்து வருபவன் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்க வேண்டுமானால், இவற்றின்மேல் எனக்குள்ள பற்றை முதலில் சொல்லியாக வேண்டும்.

அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 1998-இல் ‘புரொஃபைல்ஸ் இன் சயின்ஸ்’ தளத்தைத் தொடங்கியபோது, முதல் தொகுப்பாக வைத்தது ஆஸ்வால்ட் ஏவரியின் ஆவணங்களை. ஏவரியும் காலின் மக்லியோடும் மக்லின் மக்கார்ட்டியும் சேர்ந்து, நிமோனியா கிருமியின் ஒரு வகையை மற்றொரு வகையாக மாற்றும் பொருள் டி.என்.ஏ. என்று காட்டிய கட்டுரை 1944 பிப்ரவரியில் வெளிவந்தது. கட்டுரையின் நடை இறுக்கமானது. அதை எழுதியவர்களின் மனநிலை அதில் எங்கும் தெரியாது. ஆனால் அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1943 மே மாதத்தில், ஏவரி தம் தம்பி ராய்க்குக் கையால் எழுதிய கடிதம் இத்தளத்தில் இருக்கிறது. ராயும் நுண்ணுயிரியலாளர் என்பதால் மறைக்காமல் எழுதுகிறார்: கண்டது சரியென்றால் எவ்வளவு பெரிய விஷயம் என்பது அவருக்குத் தெரிகிறது, இது ஒரு மரபணுவாகக்கூட இருக்கலாம் என்று எழுதியும் விடுகிறார், உடனே, குமிழி ஊதுவது மகிழ்ச்சியான வேலைதான், ஆனால் பிறர் அதை உடைக்குமுன் நாமே உடைத்துப் பார்த்துவிடுவது நல்லது என்ற பொருளில் தம்மைத் தாமே அடக்கிக்கொள்கிறார். ஒரு கண்டுபிடிப்பு அச்சுக்குப் போகுமுன் அதைக் கண்டவரின் மனத்தில் எப்படித் தயங்கி நின்றது என்பதை, எந்தப் பரிந்துரைக் கடிதமும் நுழைவுச் சீட்டும் இல்லாமல் யார் வேண்டுமானாலும் அவருடைய கையெழுத்திலேயே படிக்க முடிவதற்கு நான் எத்தனை முறை நன்றி சொன்னாலும் போதாது.

இத்தகைய பணியை எவ்வளவு செம்மையாகச் செய்ய முடியும் என்பதற்குக் கேம்பிரிட்ஜின் டார்வின் கடிதத் திட்டமே அளவுகோல். 1974-இல் பிரெடரிக் பர்க்ஹார்ட் தொடங்கிய அந்தப் பணி 2022-இல்தான் நிறைவுக்கு வந்தது. டார்வின் எழுதியவையும் அவருக்கு வந்தவையுமாக 15,000-க்கும் மேற்பட்ட கடிதங்கள் இன்று அதில் உள்ளன. இனங்கள் மாறாதவை அல்ல என்ற எண்ணம் தமக்கு வந்திருப்பதைச் சொல்வது ஒரு கொலையை ஒப்புக்கொள்வதுபோல் இருக்கிறது என்று 1844 ஜனவரி 11 அன்று தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கருக்கு டார்வின் எழுதினாரே, அந்தக் கடிதத்தின் எண் 729. எழுதியவர், பெற்றவர், நாள், இடம், படியெடுத்த முழு வாசகம், அடிக்குறிப்பு என்று ஒவ்வொரு கடிதத்துக்கும் தனிப் பக்கம் இருக்கிறது. கடிதங்களைக் கம்பியில் குத்தி வைக்கும் வழக்கமுடைய டார்வின், கம்பிகள் நிறைந்தவுடன் பழைய கடிதங்களை எரித்துவிடுவார் என்றும், 1862-க்கு முன்பு அவருக்கு வந்தவற்றில் பெரும்பகுதி அப்படியே அழிந்தது என்றும் அவருடைய மகன் பிரான்சிஸ் எழுதியிருக்கிறார். எஞ்சியதை இந்தத் திட்டம் எவ்வளவு கருத்தோடு காத்திருக்கிறது என்பது அதைப் படித்த பிறகுதான் எனக்கு முழுமையாக விளங்கியது.

இத்தளத்தில் நான் எதிர்பாராமல் பெற்ற மகிழ்ச்சி டார்வினைப் பற்றியதே அன்று. எடின்பரோ தாவரவியல் தோட்டத்தில் தோட்டப் பணியாளராக இருந்த ஜான் ஸ்காட், ஆர்க்கிட் மலர்களைப் பற்றிய டார்வினின் கருத்து ஒன்றில் பிழை இருப்பதாக 1862-இல் அவருக்கே எழுதினார். அதன்பின் இருவருக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்து முழுவதையும் ஸ்காட்டின் பெயரை இட்டே வரிசையாகப் படிக்கலாம். அவருடைய பொறுமையும், தாழ்வு மனப்பான்மையும், பின்னர் டார்வினின் உதவியோடு கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்குச் சென்றதும் அந்தக் கடிதங்களில் விரிகின்றன. பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றி நியூ ஜெர்சியிலிருந்து எழுதிய மேரி டிரீட்டையும் இப்படியே தேடிப் படிக்கலாம். கடிதம் எழுதிய ஒவ்வொருவரையும் தனி மனிதராகப் பதிவு செய்ததால் கிடைத்த பயன் இது.

மின்னுருவாக்கம் மூலத்துக்கே கேடயமாகவும் நிற்கிறது. உயிரினங்களை ஒரு மரமாக டார்வின் 1837-இல் முதன்முதலில் வரைந்து பார்த்த குறிப்பேடும் அதனோடு இருந்த மற்றொன்றும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்திலிருந்து காணாமல் போயின. அவை இடத்தில் இல்லை என்பது 2001 ஜனவரியில் தெரிந்தது. 2022 மார்ச்சில் அவை திரும்பி வரும்வரை, அந்தப் பக்கங்களைப் படிக்க விரும்பியவர்களுக்குக் கைகொடுத்தவை முன்பே எடுத்து வைத்திருந்த படங்கள்தாம்.

இனி, என் கோபத்துக்கு வருகிறேன். ஏறத்தாழ எல்லாக் காப்பகங்களிலும் தேடுபெட்டி, கையெழுத்துப் பக்கங்களுக்குள் தேடுவதில்லை. பட்டியல் தயாரித்தவர் தட்டச்சு செய்த விவரத்துக்குள் மட்டுமே தேடுகிறது. பட்டியலோ பெரும்பாலும் பெட்டி, கோப்பு என்ற அளவில் நின்றுவிடுகிறது. ஒரு கோப்புக்குள் நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருக்கலாம். வெளியில் ‘பலவகைக் கடிதங்கள்’ என்ற இரண்டு சொற்களே இருக்கும். தொகுப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் எங்கு தேடினாலும் வந்து நிற்பார். அவருக்காகக் கருவியைச் சரிசெய்தவர், மாதிரிகளைத் தயாரித்தவர், இரவெல்லாம் விழித்திருந்து அளவெடுத்தவர் யாரும் தேடுதலில் அகப்பட மாட்டார். அவர்கள் பக்கங்களுக்குள் இருக்கிறார்கள். ஆனால் இல்லாதவர்களாக இருக்கிறார்கள்.

மரபுக் குறியீட்டின், அதாவது மரபுச் செய்தி புரதமாக மாறும் விதியின், முதல் சொல்லைப் படித்துக் காட்டிய சோதனையை எடுத்துக்கொள்வோம். 1961 மே மாதத்தில் யுராசில் மட்டுமே கொண்ட ஆர்.என்.ஏ.வைச் சேர்த்தபோது ஃபினைல் அலனின் என்ற அமினோ அமிலம் மட்டுமே புரதமாகக் கோக்கப்பட்டதைக் கண்டவர் ஹைன்ரிஹ் மத்தாய். அவர் பணியாற்றிய ஆய்வகத்தின் தலைவர் மார்ஷல் நீரன்பர்க் அப்போது பெர்க்லிக்குச் சென்றிருந்தார். 1968-ஆம் ஆண்டின் நோபல் பரிசை நீரன்பர்க், கொரானா, ஹாலி மூவரும் பகிர்ந்துகொண்டார்கள். இன்று இணையத்தில் தொகுப்பு நீரன்பர்க்கின் பெயரில் இருக்கிறது. மத்தாயை அதற்குள் நுழைந்துதான் பார்க்க வேண்டும். டி.என்.ஏ.வின் புகழ்பெற்ற 51-ஆம் எண் எக்ஸ் கதிர்ப் படத்தை 1952 மே மாதத்தில் எடுத்தவர், ரோசலிண்ட் பிராங்க்ளினோடு பணியாற்றிய ஆய்வு மாணவர் ரேமண்ட் காஸ்லிங். பிராங்க்ளினின் பங்கையே பல காலம் மறைத்து வைத்திருந்த வரலாறு இப்போது அவரை முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது, அது மிகவும் நல்லது. ஆனால் காஸ்லிங்கைப் போன்றவர்களைத் தேட இன்றும் பிராங்க்ளின் அல்லது அதே ஆய்வகத்தில் இருந்த வில்கின்ஸ் என்ற பெயரைத்தான் முதலில் இட வேண்டியிருக்கிறது. நோபல் பரிசும் நூற்றாண்டு விழாவும் யாருக்கு முன்னுரிமை தந்தனவோ அதே முன்னுரிமையைக் காப்பகத்தின் அமைப்பும் பின்பற்றுகிறது என்பதே என் குற்றச்சாட்டு.

நான் பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு காப்பகத்தில் ஆய்வக உதவியாளர் ஒருவரைத் தேடி, கோப்பு கோப்பாக, படம் படமாகப் புரட்டி, அவர் எழுதிய குறிப்புகள் இருந்த பக்கங்களின் முகவரிகளைச் சேர்த்து வைத்திருந்தேன். சில மாதங்களில் அந்தத் தளம் புதுப்பிக்கப்பட்டது. பழைய முகவரிகள் அனைத்தும் முகப்புப் பக்கத்துக்கே கொண்டுபோய் விட்டன. முகப்பில், தொகுப்புக்குரிய அறிஞரின் புதிய வாழ்க்கைக் குறிப்பும் பெரிய வண்ணப் படங்களும் அழகாக அமைந்திருந்தன. பட்டியல் ஒரு சொல்கூடக் கூடவில்லை. உழைப்பை எங்கே செலுத்த வேண்டும் என்பதில் இவ்வளவு தவறான முடிவை எடுக்க முடியுமா என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் தணியவில்லை.

நியாயமாகப் பார்த்தால், தடைகள் உண்மையானவை. அச்சிட்ட பக்கத்தையும் தட்டச்சுப் பக்கத்தையும் எழுத்துணரி எளிதில் படித்துவிடும், கையெழுத்து அப்படியன்று. டிரான்ஸ்கிரிபஸ் போன்ற கருவிகளுக்கு ஒருவரின் கையெழுத்தைக் கற்பித்தால் ஓரளவு படிக்கும், ஆனால் கற்பிக்க மனிதர்கள் பக்கம் பக்கமாகப் படியெடுத்துத் தர வேண்டும், பிறகு பிழையும் திருத்த வேண்டும். டார்வின் திட்டத்துக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு தேவைப்பட்டது. எல்லாருக்கும் அத்தனை காலமும் பொருளும் கிடைப்பதில்லை. புளோரன்ஸ் நைட்டிங்கேலின் கடிதங்கள் பல நிறுவனங்களில் சிதறிக் கிடந்தன. பாஸ்டன் பல்கலைக்கழகமும் வேறு சில நிறுவனங்களும் கைகோத்து அவற்றில் 2,000-க்கும் மேற்பட்டவற்றை ஒரே இடத்தில் தேடும்படி செய்திருப்பதே பெரும் சாதனை. லண்டனின் மருத்துவ வரலாற்று நூலகமும் அருங்காட்சியகமுமான வெல்கம் கலெக்‌ஷன் தன் படங்களைப் பெரிய அளவில் இறக்கிக்கொள்ளவும் அனுமதிக்கிறது. இவற்றையெல்லாம் குறைத்து மதிப்பிடுவது நன்றிகெட்ட செயல்.

ஆனால் நண்பருக்கான என் பதில் மாறவில்லை. ஏவரியையோ டார்வினையோ படிக்க விரும்புபவர்கள் இன்றே தொடங்கலாம். உதவியாளர்களைத் தேடுபவர்கள் காப்பகத்தின் தேடுபெட்டியை நம்பித் தொடங்கக் கூடாது. முதலில் ஆய்வுக் கட்டுரைகளின் இறுதியில் உள்ள நன்றியுரைகளைப் படிக்க வேண்டும். சோதனைகளைச் செய்து தந்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் அங்கேதான் அச்சாகியிருக்கும். பின்னர் அந்தச் சோதனைகள் நடந்த மாதங்களைக் குறித்துக்கொண்டு, தலைமை ஆய்வாளரின் தொகுப்பில் அந்த மாதங்களுக்குரிய ஆய்வேடுகளையும் கடிதக் கோப்புகளையும் மட்டும் திறக்க வேண்டும். கண்டவுடன் பக்கத்தின் இணைய முகவரியைச் சேமிப்பதைவிட, பட்டியல் எண், பெட்டி எண், கோப்பு எண், பட எண் ஆகிய நான்கையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். தளம் எத்தனை முறை மாறினாலும் பெட்டியின் எண்ணை எளிதில் மாற்ற மாட்டார்கள். பட்டியலில் இல்லாத பெயர் ஒன்றைப் பக்கத்துக்குள் கண்டால், அந்த எண்களோடு காப்பாளருக்கு எழுதி, விவரத்தில் சேர்க்கும்படி கேட்க வேண்டும். நான் எழுதியவற்றில் சிலவற்றைச் சேர்த்திருக்கிறார்கள். மற்றவற்றுக்கு மீண்டும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.