பிரதோஷக் கோயிலா, வீட்டு விளக்கா?

சாமிக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து நேரம் ஒதுக்க, வேலைக்குப் போகிறவர்களுக்கு இரண்டு வழி தெரிகிறது.

பிரதோஷம் மாதம் இரண்டு முறை, வளர்பிறை, தேய்பிறையின் பதின்மூன்றாம் நாளான திரயோதசியில் வரும். பிரதோஷ வேளை மாலை 4.30 முதல் 6 வரை. ஆபீஸ் விட்டு ஓடினாலும் தீபாராதனை முடிந்திருக்கும். ஆனால் நந்திக்குப் பாலாபிஷேகம் நடக்கும்போது பாட்டியின் தோளைப் பிடித்து எட்டிப் பார்க்கும் குழந்தையின் முகம் இருக்கிறதே, அதை வீட்டில் பார்க்க முடியாது.

வீட்டு விளக்குக்குப் பத்து நிமிடம் போதும். சின்னவள் திரி போடுவாள், பெரியவன் எண்ணெய் விடுவான், அப்புறம் எல்லோரும் சேர்ந்து ஒரு பதிகம். போன் வேறு அறையில் இருக்க வேண்டும், இதில் நான் கறார்.

என் ஓட்டு விளக்குக்குத்தான். சனிப் பிரதோஷம் வந்தால் மட்டும் குடும்பத்தோடு கோயிலுக்குக் கிளம்பிவிடுங்கள்.