பழைய ஸ்பிளெண்டருக்கு எந்த ஆயில், எவ்வளவு ஆயில்

என்னிடம் இருப்பது 2006 மாடல் ஸ்பிளெண்டர் பிளஸ். ஹீரோவும் ஹோண்டாவும் பிரியாத காலத்து வண்டி. மீட்டர் கேபிள் அடிக்கடி அறுந்து கிடந்ததால் ஓடிய தூரத்துக்குச் சரியான கணக்கில்லை. லட்சத்தைத் தாண்டியது மட்டும் நிச்சயம். சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் போர் வேலை இன்னும் பார்க்கவில்லை. என்ன ஆயில் ஊற்றுகிறாய் என்று கேட்பவர்களிடம் 20டபிள்யூ-40 என்பேன். கூடவே, வாரம் ஒருமுறை கேஜை, அதாவது ஆயில் அளவு பார்க்கும் குச்சியைப் பார்ப்பேன் என்பேன். முதல் பாதியைக் கேட்டதும் கிளம்பிவிடுகிறார்கள்.

சரி, கிரேடு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். ஸ்பிளெண்டருக்கு ஹீரோ தன் பெயரில் விற்பது 10டபிள்யூ-30. டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் குளிரில் எஞ்சின் கிளம்புவதைப் பற்றியது. 10டபிள்யூ ஆயிலை மைனஸ் 25 டிகிரியிலும் 20டபிள்யூவை மைனஸ் 15 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். மதுரையில் இருந்துகொண்டு அதற்குக் கவலைப்பட வேண்டியதில்லை. நமக்கு வேலை பின்னால் இருக்கும் எண்ணில்தான். 100 டிகிரி சூட்டில் 30 கிரேடின் தடிமன் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் (தடிமனை அளக்கும் அலகு) வரை. 40 கிரேடு அங்கே தொடங்கி 16.3 வரை போகும். தேய்ந்த எஞ்சினில் பிஸ்டன் ரிங்குக்கும் போருக்கும், அதாவது சிலிண்டரின் உட்சுவருக்கும் நடுவே இடைவெளி கூடியிருக்கும். அதில் தடித்த ஆயில் கொஞ்சம் நின்று பிடிக்கும். 30 கிரேடு ஓடியபோது சித்திரை வெயிலில், டவுன் ஹால் ரோடு நெரிசலில், எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டிலிருந்து டிக் டிக்கென்று சத்தம் வரும். 40க்கு மாறியபின் சத்தமும் அடங்கியது, குறைந்த ஆயிலை ஈடுகட்ட ஊற்றும் டாப்-அப்பும் குறைந்தது. மைலேஜ் விழுந்ததாகத் தெரியவில்லை. புது வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்து மாற்ற வேண்டாம், கம்பெனி சொன்னதையே ஊற்றுங்கள்.

கிரேடைவிட முக்கியமாக டப்பாவின் பின்பக்கம் பார்க்க வேண்டியது ஜாஸோ (ஜப்பானியத் தர முத்திரை) எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற எழுத்து. இந்த வண்டியில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில்தான் குளிக்கின்றன. எம்பி என்று போட்டிருப்பது ஸ்கூட்டருக்கானது. ஸ்கூட்டரின் கிளட்ச் ஆயிலில் நனைவதில்லை, அதனால் வழுக்கல் அதிகமான ஆயில் அதற்கு ஒத்துக்கொள்ளும். அதையோ கார் ஆயிலையோ இதில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கி, பாலம் ஏறும்போது எஞ்சின் கத்தும், வண்டி நகராது. எம்ஏ இருந்தால் சர்வோவோ கேஸ்ட்ராலோ, எனக்குப் பெரிய வித்தியாசம் தெரிந்ததில்லை. ஃபுல் சிந்தெடிக்கும் ஊற்றிப் பார்த்தேன். கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. ஆனால் ஆயில் குடிக்கும் எஞ்சினுக்கு அந்த விலையில் டாப்-அப் செய்ய மனசு வரவில்லை.

இப்போது கேஜ். காரில் ஆயில் பிரஷர் விழுந்தால் சிவப்பு விளக்கு எரியும். ஸ்பிளெண்டரில் அப்படி எதுவும் கிடையாது. நியூட்ரல் பச்சையாக எரிந்துகொண்டே இருக்கும், உள்ளே ஆயில் வற்றியிருக்கும். ஆகவே குச்சிதான் எல்லாம். சமதளத்தில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, மூன்று நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, அணைத்து, இன்னும் இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, வலப்பக்க மூடியைக் கழற்றித் துடைத்து, திருகாமல் அப்படியே வைத்து எடுக்க வேண்டும். திருகி எடுத்தால் குச்சி ஆழமாக இறங்கும். குறைந்த ஆயிலும் போதுமானதாகத் தெரியும். சைடு ஸ்டாண்டில் பார்த்தால் நேர் எதிர். வண்டி இடப்பக்கம் சாய்ந்து நிற்க, ஆயில் அந்தப் பக்கம் ஒதுங்கி, இருப்பதும் இல்லாததுபோலத் தெரியும். அதை நம்பி ஊற்றினால் மிஞ்சிய ஆயில் எஞ்சின் காற்றை வெளிவிடும் பிரீதர் குழாய் வழியாக ஏர் ஃபில்டருக்குப் போய்ச் சேரும். பெரும்பாலான கடைகளில் இந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறார்கள்.

ஆயில் குறைவது பழைய வண்டியில் சகஜம். கூடினால்தான் பயப்பட வேண்டும். ஒருநாள் கேஜில் ஆயில் மேல்கோட்டுக்கும் மேலே நின்றது. ஊற்றியதோ யாருமில்லை. மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன்.

"மோந்து பாரு தம்பி."

பெட்ரோல் வாடை. விரலில் தேய்த்தால் பிசுபிசுப்பே இல்லை, தண்ணீராக ஓடியது. கார்புரேட்டரில் பெட்ரோல் வரவை நிறுத்தும் ஃப்ளோட் பின் தேய்ந்து, ராத்திரியெல்லாம் பெட்ரோல் கசிந்து எஞ்சினுக்குள் இறங்கியிருக்கிறது. பின்னை மாற்றி, ஆயில் முழுவதையும் வடித்துப் புதிதாக ஊற்றினோம். அன்றிலிருந்து வண்டியை நிறுத்தும்போது பெட்ரோல் டேப்பை மூடிவிடுகிறேன்.

இப்படி மோந்தும் தொட்டும் பார்ப்பதில் பழகிவிட்டால் பல விஷயம் தெரியவரும். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2015 சென்னை வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளில் அதைத்தான் பார்த்தார்கள். வெறும் கறுப்பு நிறத்துக்குப் பயப்பட வேண்டாம், அழுக்கைச் சுமப்பது ஆயிலின் வேலை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் மட்டும் நீலப்புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் தேய்ந்திருக்கிறது, ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போதெல்லாம் வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது என்பது பொதுவான கணக்கு. என் வண்டி இப்போதைக்கு முதல் வகை.

மாற்றும்போது டப்பாவில் உள்ள 900 மில்லியையும் அப்படியே கவிழ்ப்பதில்லை. வடித்த பிறகும் உள்ளே கொஞ்சம் தங்கும் என்பதால் முக்கால் டப்பா ஊற்றி, கேஜ் பார்த்து மீதியைச் சேர்ப்பேன். டிரெயின் போல்ட்டின் அலுமினிய வாஷரைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள்; கசிவை நிறுத்த போல்ட்டை மேலும் மேலும் முறுக்கித்தான் பல பழைய எஞ்சின்களில் மரை போயிருக்கிறது. காலி டப்பாவைக் கத்தியால் குத்திவிட்டு எறியுங்கள், போலி ஆயில் நிரப்புகிறவர்களுக்கு அதுதான் மூலதனம். வடித்த ஆயிலை நான் கடை டிரம்மிலேயே விட்டுவிடுவேன். மரத்தில் கரையானுக்கு அடிக்க என்று கேட்டு வாங்கிப் போகிறவர்களும் உண்டு.

இந்த எஞ்சினில் காகித ஃபில்டர் கிடையாது. வலப்பக்கக் கவருக்குள் சுழலும் ஃபில்டர் ஒன்றும், அடியில் சல்லடை ஒன்றும் உண்டு. கவரைக் கழற்றினால்தான் இரண்டையும் கழுவ முடியும் என்பதால் ஆயில் மாற்றும்போது யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. நீங்களே கேட்டுச் செய்ய வேண்டிய வேலை. கவருக்கு அடியில் கசியாமல் வைக்கும் கேஸ்கெட்டை மட்டும் முன்கூட்டியே வாங்கிக் கையில் கொண்டுபோங்கள். கேட்டால் "இருக்கு" என்பார்கள். கவரைக் கழற்றிய பிறகுதான் "நாளைக்கு வந்துரும்" என்பார்கள்.