நிபந்தனைப் பழமொழிகளும் ஆக்ஸ்ஃபோர்டு பழமொழி அகராதியும்: ஒரு மதிப்புரை

‘இப்படி இருந்தால் அப்படி ஆகும்’ என்ற அமைப்பில் வரும் ஆங்கிலப் பழமொழிகளுக்குப் பொருள் கூறும் பட்டியல்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. பெரும்பாலானவை பழமொழியை ஒரு வரியிலும் பொருளை மறு வரியிலும் தந்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகின்றன. அந்த ஒரு வரிப் பொருளை மனப்பாடம் செய்தவர், அதே பழமொழியை ஒரு நாவலிலோ அலுவலக மின்னஞ்சலிலோ காணும்போது, அது அறிவுரையா, எச்சரிக்கையா, கேலியா என்று விளங்காமல் திகைக்கிறார். இந்தத் திகைப்பைத் தீர்க்க எந்த நூல் உதவும் என்று கேட்பவர்களுக்கு, ஜெனிஃபர் ஸ்பீக் பதிப்பித்து 2015 இல் ஆறாம் பதிப்பாக வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு பழமொழி அகராதியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆயினும் அதைப் பயன்படுத்தும் முறையை முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும்.

ஜான் சிம்சன் தொகுத்து 1982 இல் வெளியான சுருக்கப் பதிப்பிலிருந்து வளர்ந்து வந்த நூல் இது. 1,100க்கும் மேற்பட்ட பழமொழிகள் இதில் உள்ளன. ஒவ்வொரு பதிவிலும் பழமொழியின் இன்றைய வடிவம் முதலில் வருகிறது. தேவையான இடத்தில் சிறு விளக்கம் இருக்கிறது. அதன்பின், எழுத்தில் கிடைத்த மிகப் பழைய சான்று தொடங்கி அண்மைக்காலப் பயன்பாடு வரை ஆண்டு வாரியாக மேற்கோள்கள் அடுக்கப்பட்டுள்ளன. நூலின் உயிர் இந்த மேற்கோள்களில்தான் இருக்கிறது. நிபந்தனைப் பழமொழி ஒன்றின் பொருள் அதன் சொற்களில் முழுமையாக அடங்குவதில்லை. யார், யாரிடம், எந்த நேரத்தில் அதைச் சொல்கிறார் என்பதைச் சார்ந்தே அது அமைகிறது. அதைக் காட்ட மேற்கோள்களைவிடச் சிறந்த வழி இல்லை.

‘விருப்பங்கள் குதிரைகளாக இருந்தால் பிச்சைக்காரரும் சவாரி செய்வர்’ என்ற பழமொழியை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 1628 ஆம் ஆண்டைச் சேர்ந்த ஸ்காட்லாந்துப் பழமொழித் தொகுப்பு ஒன்றிலேயே இதன் பழைய வடிவம் காணப்படுகிறது. அங்கே பிச்சைக்காரருக்குப் பதிலாக ஏழைகள் சவாரி செய்கிறார்கள். பட்டியல்கள் இதற்கு ‘ஆசைப்பட்டால் மட்டும் போதாது’ என்று பொருள் தருகின்றன. அது தவறில்லை, ஆனால் பாதிதான். நடக்கவே முடியாத ஒன்றை நிபந்தனையாக வைத்து, அதிலிருந்து நடக்கவே முடியாத விளைவு ஒன்றைக் காட்டி, எதிரே இருப்பவர் அடுக்கிக்கொண்டே போகும் ‘இருந்திருந்தால்’களுக்கு முற்றுப்புள்ளி வைக்கும் வாக்கியம் இது. இதே வேலையைச் செய்யும் இன்னொரு ஆங்கிலப் பழமொழி, ‘என் அத்தை ஆணாக இருந்திருந்தால் மாமா ஆகியிருப்பார்’ என்கிறது. ‘அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா’ என்று கேட்டு வளர்ந்த நமக்கு இதன் தொனியைத் தனியே யாரும் விளக்க வேண்டியதில்லை. இத்தகைய பழமொழிகளை அறிவுரை என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்ல முயல்பவர், உரையாடல் அங்கேயே முடித்துவைக்கப்பட்டதைக் கவனிக்கத் தவறுகிறார்.

காலப்போக்கில் பொருளின் எல்லை விரிவதையும் இந்த முறை தெளிவாகக் காட்டுகிறது. ‘பழுதாகவில்லை என்றால் சரிசெய்யப் போகாதே’ என்பது மிகப் பழைய கிராமத்து ஞானம் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் இது பரவலாகப் புகழ்பெற்றது 1977 இல்தான். அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டரின் அரசில் வரவுசெலவு அலுவலகத்தின் தலைவராக இருந்த பெர்ட் லான்ஸ், பழுதில்லாததைச் சரிசெய்யப் போய்ப் பழுதானதை விட்டுவிடுவதே அரசின் சிக்கல் என்று ஒரு வணிக இதழில் கூறினார். வீண் செலவைக் குறைப்பதற்காக அவர் சொன்ன வாக்கியத்தை, இன்று எந்த மாற்றத்தையும் விரும்பாதவர்கள் கேடயமாகப் பயன்படுத்துகிறார்கள். ‘வெப்பம் தாங்க முடியவில்லை என்றால் சமையலறையை விட்டு வெளியேறு’ என்பதும் அரசியலிலிருந்து பரவியதுதான். அப்போதைய அமெரிக்க அதிபர் ஹாரி ட்ரூமனின் பெயரோடு 1952 இல் இதழ்களில் வந்து நிலைத்தது. அலுவலகக் கூட்டத்தில் இதைக் கேட்பவர், அது அனுதாபமற்ற சொல் என்பதை உணர வேண்டும்.

மிகவும் மகிழ்ந்து படித்த இடம் இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டு பிரபு தம் மகனுக்கு 1746 இல் எழுதிய கடிதத்தின் வரி. செய்யத் தகுந்தது எதுவோ அது நன்றாகச் செய்யத் தகுந்தது என்று அவர் எழுதினார்; அந்த வரியில், நிபந்தனையைக் காட்டும் ‘இஃப்’ (if) என்ற ஆங்கிலச் சொல்லே இல்லை. மக்கள் வாய்க்கு வந்தபின் அது ‘ஒரு செயல் செய்யத் தகுந்தது என்றால் நன்றாகச் செய்யவும் தகுந்தது’ என நிபந்தனை வாக்கியமாயிற்று. 1910 இல் ஆங்கில எழுத்தாளர் ஜி. கே. செஸ்டர்டன் அதைத் தலைகீழாக்கி, செய்யத் தகுந்தது என்றால் மோசமாகச் செய்யவும் தகுந்தது என்றார். அரைகுறை வேலைக்கு அவர் சாக்குத் தேடவில்லை. வல்லுநரிடம் ஒப்படைக்காமல் நாமே செய்ய வேண்டிய செயல்கள் வாழ்க்கையில் உண்டு, அவற்றைத் திறமை போதாது என்று விட்டுவிடக் கூடாது என்பதே அவர் கருத்து. முதல் வடிவத்தை அறியாதவருக்கு இரண்டாவதன் வலிமை புலப்படாது.

அகராதியின் வரிசைமுறைதான் புதியவரைத் தடுமாற வைக்கும். ‘இஃப்’ என்று தொடங்கும் பழமொழிகள் அனைத்தும் ஒரே இடத்தில் இருக்கும் என்று எதிர்பார்த்து அந்தச் சொல்லைத் தேடிப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். முக்கியமான சொல்லின் அகர வரிசையில் பதிவுகள் அமைந்திருப்பதால், ‘தொப்பி பொருந்தினால் போட்டுக்கொள்’ என்பதைத் தொப்பியின் கீழும், ‘வெல்ல முடியாதவர்களோடு சேர்ந்துகொள்’ என்பதை வெல்லுதல் என்ற வினையின் கீழும் தேட வேண்டும். அகராதியாளர் நோக்கில் இது சரியான முடிவே. ஆனால் நிபந்தனை அமைப்பைப் படிக்க விரும்பும் மாணவருக்கு, சிதறிக் கிடப்பவற்றைத் தாமே திரட்டிக்கொள்ளும் உழைப்பு மிஞ்சுகிறது. பின்னிணைப்பாக உள்ள கருப்பொருள் அட்டவணை பொறுமை, செல்வம் போன்ற தலைப்புகளில் பழமொழிகளைத் தொகுக்கிறதே தவிர, வாக்கிய அமைப்பைக் கணக்கில் கொள்ளவில்லை.

‘இஃப்’ என்ற சொல்லே இல்லாமல் நிபந்தனையைத் தாங்கி நிற்கும் பழமொழிகளில் இந்தக் குறை பெரிதாகிறது. ‘பிரம்பை ஒதுக்கு, பிள்ளையைக் கெடு’ என்று சொல்லுக்குச் சொல் படிப்பவர் இரண்டு கட்டளைகளைக் காண்கிறார். அடிக்காமல் வளர்த்தால் பிள்ளை கெட்டுவிடும் என்று எச்சரிப்பதே அதன் நோக்கம். விவிலியத்தின் நீதிமொழிகளில் வேர்கொண்ட அந்தக் கருத்தை இன்று பலரும் ஏற்பதில்லை, நானும் ஏற்கவில்லை. ஆயினும் வாக்கியத்தைப் பிழையில்லாமல் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ‘ஓர் அங்குலம் கொடு, ஒரு மைல் எடுத்துக்கொள்வான்’ என்பதும் இதே அமைப்பில் வந்த எச்சரிக்கைதான், கொடுக்கச் சொல்லும் அறிவுரை அன்று. ‘ஒருமுறை கடிபட்டால் இருமுறை அஞ்சுவர்’ என்பதன் ஆங்கில வடிவத்தில் எழுவாயும் இல்லை, பயனிலையும் இல்லை. இவற்றின் பிறப்பும் பழைய வடிவங்களும் அகராதியில் கிடைக்கின்றன. இவற்றை எப்படிப் பிரித்துப் படிப்பது என்று கற்பிக்கும் பணியை அது எடுத்துக்கொள்ளவில்லை.

ஆங்கிலம் பேசுவோர் நிபந்தனைப் பழமொழிகளைப் பெரும்பாலும் முழுதாகச் சொல்வதில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். ‘தொப்பி பொருந்தினால்...’ என்று நிறுத்திவிடுவார்கள். குற்றச்சாட்டு யாரைப் பற்றியது என்று கேட்டவருக்கு, ‘உங்களுக்குப் பொருந்துகிறது என்றால் உங்களைப் பற்றியதே’ என்ற பதில் அந்தப் பாதியிலேயே போய்ச் சேர்ந்துவிடும். அமெரிக்காவில் தொப்பியின் இடத்தில் காலணி வரும். முழு வடிவத்தையும் மாற்று வடிவத்தையும் ஒரே பதிவில் காண முடிவதால், இத்தகைய அரைவாக்கியங்களைப் புரிந்துகொள்ள இந்நூல் பெரிதும் உதவுகிறது.

பழைய மேற்கோள்கள் அந்தந்தக் காலத்து எழுத்துக்கூட்டலிலேயே தரப்பட்டுள்ளன. ஆராய்ச்சியாளருக்கு அது வரம், தொடக்கநிலை மாணவருக்கு மலைப்பு. நன்கு அறிமுகமான பழமொழிகள் பலவற்றுக்கு விரிவான விளக்கம் கிடையாது. எனவே ஆங்கிலத்தை இப்போதுதான் கற்கத் தொடங்கியவர், நிபந்தனை வாக்கியங்களை எளிய எடுத்துக்காட்டுகளோடு விளக்கும் இலக்கண நூல் ஒன்றைப் படித்துவிட்டு இதற்கு வருவது நல்லது. ஆசிரியர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் இதை அவசியம் கையருகே வைத்திருக்கலாம். அச்சுப் பதிப்பைவிட இணையப் பதிப்பு இந்தத் தலைப்புக்கு ஏற்றது. ‘இஃப்’ என்று தட்டச்சு செய்து சிதறிக் கிடப்பவற்றை ஒருசேரத் திரட்டிக்கொள்ளும் வசதி அதில்தான் உண்டு. பழைய பழமொழிகள் மட்டும் போதும் என்பவர்கள், பழைய புத்தகக் கடையில் 1982 ஆம் ஆண்டுச் சுருக்கப் பதிப்பு கிடைத்தாலும் வாங்கிக்கொள்ளலாம்.