கீட்டோன் பவுடர்: டப்பா சொல்வதும் மீட்டர் காட்டுவதும்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில், ஜவுளிக் கடைகளுக்கு நடுவே இருக்கும் ஒரு புரோட்டீன் பவுடர் கடையில், சென்ற மாதம் 2,400 ரூபாய் கொடுத்துக் கீட்டோன் பவுடர் டப்பா ஒன்றை வாங்கினேன். 'இதய மைட்டோகாண்ட்ரியாவுக்கு நேரடி எரிபொருள்' என்று முகப்பில் அச்சிட்டிருந்தார்கள். பம்பிங் குறைந்து இரண்டு ஆண்டுகளாக மாத்திரையில் இருக்கும் அப்பாவுக்கு உதவுமே என்ற ஆசைதான் காரணம்.

அந்த வாசகம் முழுப் பொய்யும் அல்ல. இதயத் தசைச் செல்லின் கொள்ளளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை, ஆற்றலைத் தயாரிக்கும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவே அடைத்துக்கொண்டிருக்கிறது. அதற்கான எரிபொருளில் பெரும்பகுதி கொழுப்பு அமிலங்கள். பட்டினியின்போது கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன்களைத் தயாரித்து இரத்தத்தில் அனுப்புகிறது. தேவையான நொதி இல்லாததால் தான் சமைத்ததைத் தானே உண்ண முடியாத கல்லீரலுக்கு மாறாக, இதயமும் மூளையும் அவற்றை எரித்துக்கொள்கின்றன. பலவீனமான இதயம் வழக்கத்தைவிட அதிகமாகக் கீட்டோன்களை நாடுகிறது என்பதை, எலிகளிலும் மனித இதயத் திசுவிலும் நடந்து 2016-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. ஆனால் அங்கிருந்து, ஒரு கரண்டி பவுடரைக் கரைத்துக் குடித்தால் மைட்டோகாண்ட்ரியா புத்துயிர் பெறும் என்று தாவுவது வியாபாரக் கணக்கு.

அப்பாவுக்குக் கொடுக்குமுன் நானே குடித்துப் பார்த்தேன். எலுமிச்சை வாசனைக்கு அடியில் சோப்புத் தண்ணீர் போன்ற கசப்பு; அரை மணி நேரத்தில் வயிறு கடமுடவென்றது. விரல் நுனியில் குத்திப் பார்க்கும் கீட்டோன் மீட்டரில் லிட்டருக்கு 0.2 மில்லிமோலாக இருந்த அளவு ஒரு மணி நேரத்தில் 0.6 ஆகி, மேலும் இரண்டு மணி நேரத்தில் 0.3-க்கு இறங்கிவிட்டது. ஏகாதசி விரதம் இருந்த அம்மாவுக்கு மறுநாள் காலையில், காசு செலவில்லாமல், 0.7 காட்டியது.

உண்மையான சிக்கல் டப்பாவின் பின்புறத்தில், பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில் இருந்தது: கரண்டிக்கு 900 மில்லிகிராம் சோடியம். சமையல் உப்புக் கணக்கில் அது சுமார் 2.3 கிராம். ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அப்பாவுக்கோ ஊறுகாய், அப்பளம் மட்டுமின்றி, காசிமேட்டு நெத்திலிக் கருவாட்டையும் மருத்துவர் நிறுத்தியிருக்கிறார். கடைப் பையனிடம் கேட்டபோது, "அது எலக்ட்ரோலைட்தானே சார், நல்லதுதான்" என்றார். சீல் உடைத்ததால் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை.

சர்க்கரை நோய்க்கும் இதயப் பலவீனத்துக்கும் தரப்படும் டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் கூடுதலாக எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும். அந்த மாத்திரையே கீட்டோனைச் சற்று உயர்த்தும். அதை எடுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கு, சர்க்கரை அளவு பெரிதாக ஏறாதபோதும் இரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஆபத்தான அளவுக்குத் தேங்கக்கூடும். மருத்துவரைக் கேட்காமல் இந்த டப்பாவைத் தொட வேண்டாம்.

ஐந்துக்கு ஒன்றரை மதிப்பெண் தருகிறேன். அதுவும் சோடியத்தை, பொடி எழுத்திலாவது, மறைக்காமல் அச்சிட்டதற்காக.