ஒரே ஆள், மூன்று ரேட்: ஆன்லைன் கணக்கு மென்பொருளில் இரண்டரை வருஷப் புழக்கத்துக்குப் பிறகு

மதுரை அரசரடியில் சின்ன ஸ்ட்ரக்சுரல் டிசைன் ஆபீஸ் எங்களுடையது. என்னோடு சேர்த்து ஆறு பேர். வீட்டு பிளானும் பார்ப்போம், கப்பலூர் சிட்கோவில் ஷெட்டும் பார்ப்போம். 2023 ஏப்ரல் வரை கணக்குக்கு டேலிதான். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு காஸ்ட் சென்டர் வைத்துச் செலவைப் பிரித்துவிடுவோம். யார் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார்கள் என்பது மட்டும் டிராஃப்ட்ஸ்மேன் தம்பியின் நீல நோட்டில் இருக்கும். பில் போடுகிற அன்றைக்கு அந்த நோட்டைத் தேடுவதே தனி வேலை.

அதற்காகத்தான் ஆன்லைன் கணக்கு மென்பொருளுக்கு மாறினோம். குறையும் சொல்லப் போவதால் பெயர் வேண்டாம்.

புது ப்ராஜெக்ட் திறந்ததும் பில் எப்படி என்று கேட்கும்: மொத்தமாக ஒரு தொகையா, ப்ராஜெக்ட் முழுக்க மணிக்கு ஒரே ரேட்டா, டாஸ்க்குக்கு ஒரு ரேட்டா, ஆளுக்கு ஒரு ரேட்டா. எங்களுக்குக் கடைசி. நான் அவசரத்தில் ஆளின் பொது விவரத்தில் மட்டும் ரேட்டைப் போட்டுவிட்டேன், சீனியர் இன்ஜினியருக்கு 900 ரூபாய். பன்னிரண்டு வருஷமாக வருகிற ஒரு பார்ட்டிக்கு 600தான் பேச்சு. ப்ராஜெக்ட்டுக்குள் ரேட் காலியாக இருந்தால் பொது ரேட்டையே எடுத்துக்கொள்ளும் என்று அப்போது தெரியாது. 20 மணி நேரத்துக்கு 900 கணக்கில் பில் போய்விட்டது.

"என்ன சார், பழகின பழக்கத்துக்கு இப்படியா?"

6,000 ரூபாயும் அதன் 18 சதவீத ஜிஎஸ்டி 1,080ம் சேர்த்து, பில் தொகையைக் குறைக்கும் கிரெடிட் நோட் போட்டுச் சமாதானம் பண்ணினேன். இப்போது ப்ராஜெக்ட் திறந்த கையோடு ஆட்களைச் சேர்த்து, ரேட்டை நிரப்பிய பிறகுதான் வேலை மணிகளைப் பதியும் டைம்ஷீட்டைத் திறந்துவிடுகிறேன்.

பெரிய குறை ஒன்று. எந்தத் தேதியிலிருந்து புது ரேட் என்று குறிக்க இதில் இடமே இல்லை. ஏப்ரலில் ரேட்டை உயர்த்தினால், பில் போடாமல் கிடக்கும் மார்ச் மணிகளும் புது ரேட்டுக்குத் தாவிவிடும். அதனால் மார்ச் 31 சாயங்காலம் பாக்கி எல்லாவற்றையும் பில் போட்டுவிட்டுத்தான் ரேட்டில் கை வைப்போம்.

வேலை நேரத்தை அளக்கும் டைமரிலும் ஒரு தொல்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஐந்துக்கு ஓடவிட்டுவிட்டு, தம்பி மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டார். திங்கள் காலை ஒன்பதரைக்கு நாற்பதரை மணி நேரம், 450 கணக்கில் 18,225 ரூபாய்! நல்லவேளை, பில் போகவில்லை. இப்போது நான் பார்த்து ஓகே சொல்லாத மணி எதுவும் பில்லில் ஏறாது.

எனக்கு உண்மையிலேயே உபயோகப்பட்டது காஸ்ட் ரேட். பில் ரேட் பார்ட்டியிடம் வாங்குவது, காஸ்ட் ரேட் அந்த ஆளின் ஒரு மணி நேரத்துக்கு நமக்கு ஆகிற சம்பளச் செலவு. தம்பிக்கு மாதம் 36,000, 180 மணி நேரம் என்றால் மணிக்கு 200. இதைப் போட்ட பிறகுதான், 18,000 ரூபாய்க்கு மொத்தமாகப் பேசிய ஒரு வீட்டு பிளான் 105 மணி நேரம், அதாவது 21,000 ரூபாய் தின்றிருப்பது தெரிந்தது. "மாடிப்படியை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடுங்க" என்று நாலு தடவை வந்தவர்கள் அவர்கள்.

ஒருநாள் தம்பி திரையைக் காட்டிக் கேட்டார்: "அண்ணே, எனக்கு 450னு போட்டிருக்கு. 200 போக மிச்சம் யாருக்கு?"

வாடகை, கரண்ட், ஆட்டோகேட் சந்தா என்று விரல்விட்டு எண்ணினேன். அவர் ஒத்துக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. அன்றைக்கே ஸ்டாஃப் லாகினில் ரேட் தெரியாதபடி அனுமதியை மாற்றினேன். அடுத்த ஏப்ரலில் சம்பளத்தில் 3,000 கூட்டி, காஸ்ட் ரேட்டையும் 217 ஆக்கினேன்.